சாமுராய் போல வாழ நினைக்கும் தம்பிக்கு

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 26 வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். இரண்டு தடவை முதன்மைத் தேர்வு வரை போய்த் தவறிவிட்டேன். மனக்கட்டுப்பாடு இல்லாததுதான் காரணம் என்று தோன்றியது. யூடியூபில் ஜப்பானின் பழைய போர்வீரர்களான சாமுராய்களைப் பற்றிப் பார்க்க ஆரம்பித்தேன். மியாமோட்டோ முசாஷி என்ற வாள்வீரரின் 21 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்து, காலை நாலு மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன். பற்று கூடாது என்பதற்காக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறிவிட்டேன். பத்து, பன்னிரண்டு நாள் நன்றாகப் போகும். பிறகு ஒரு நாள் அலாரம் அடித்தும் எழுந்திருக்க மாட்டேன். அன்றைக்கே எல்லாம் சரிந்துவிடும். ஒரு வாரத்துக்கு என்னையே எனக்குப் பிடிக்காது. தண்டனையாக ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திக்கொள்வேன். அம்மா அழுகிறார். சாமுராய்கள் தோற்றால் உயிரோடு இருக்க மாட்டார்களாம். அந்த உறுதி எனக்கு ஏன் வரவில்லை? எப்படி வரவழைப்பது? எந்தப் புத்தகம் படிக்கலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்:

அன்புள்ள தம்பி,

கடிதத்தின் கடைசியில் நீங்கள் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். என்னைக் கவலைப்படுத்துவது அதுதான். தோற்றால் உயிரோடு இருக்கக் கூடாது என்பது வீடியோவில் கேட்ட வசனமாக மட்டும் இருக்கிறதா, இல்லை, ராத்திரி தனியாக இருக்கும்போது உங்களைப் பற்றியே அந்த எண்ணம் வருகிறதா? வருகிறது என்றால், மேற்கொண்டு படிக்காமல் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அம்மாவிடமும் சொல்லுங்கள். இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாப்பாட்டை நிறுத்தித் தன்னைத் தண்டிப்பதையும் நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இன்று ராத்திரியிலிருந்தே அதை விட்டுவிடுங்கள்.

ஆலோசனை அறைக்கு வெளியே நான் பல வருடமாக ஜப்பானிய வாள்கலையான கெண்டோ பழகுகிறவன். அந்த வகையில் சாமுராய்கள் எழுதிவைத்ததில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனால்தான், வீடியோக்கள் உங்களுக்குக் கொடுத்திருக்கும் அரைகுறை வரலாற்றைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. தோற்ற சாமுராய் செத்துப்போவான் என்கிறார்கள். போர்க்களத்தில் எதிரியின் கையில் சிக்கக் கூடாது என்று உயிரை விட்டவர்கள் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் 1603-ல் தொக்குகாவா குடும்பத்து ஷோகன்களின், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர்களின், ஆட்சி வந்த பிறகு, தொடக்கத்தில் நடந்த சில போர்களைத் தவிர்த்தால், இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நாடு அமைதியாகவே இருந்தது. அந்தக் காலத்தில் அப்படித் தன் உயிரைத் தானே விடுவது பெரும்பாலும் அரசு விதித்த தண்டனை. எடுத்த காரியம் கைகூடாதவன் தானாகத் தேடிக்கொண்ட வழி அல்ல. எஜமானர் இறந்தால் கூடவே சாகும் வழக்கத்தைச் சகா சமஸ்தானம் 1661-லேயே தடை செய்தது. 1663-ல் ஷோகன் அரசு நாடு முழுவதற்கும் தடை போட்டது. ஆண்ட சாமுராய்களே அந்தச் சாவு வேண்டாம் என்று சட்டம் போட்டார்கள்.

வீடியோக்களில் வரும், சாவைப் புகழும் வரிகள் பெரும்பாலும் ‘ஹாகாகுரே’ என்ற நூலிலிருந்து எடுத்தவை. அதில் இருப்பது சகா சமஸ்தானத்தைச் சேர்ந்த யாமமோட்டோ சுனேதோமோவின் பேச்சு. ஒரு போரிலும் வாள் சுழற்றாதவர். பிரபுவின் அலுவலகத்தில் எழுத்துவேலை பார்த்தவர். 1700-ல் எஜமானர் இறந்தபோது கூடவே சாகத் தடை இருந்ததால் துறவியானார். 1710 முதல் 1716 வரை அவர் சொல்லச் சொல்ல ஓர் இளைஞர் எழுதிவைத்ததுதான் நூல். 1719-ல் அறுபது வயதில் இறந்தார். அதே நூலில், வாழ்க்கை மிகவும் குறுகியது, பிடித்ததைச் செய்து வாழ்வதுதான் நல்லது, எனக்குத் தூங்கப் பிடிக்கும் என்றும் சொல்கிறார். இளைஞர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் இதை அவர்களிடம் சொல்வதில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். 1930, 40-களில் ஜப்பானிய ராணுவம் இளைஞர்களைச் சாவுக்கு அனுப்ப இந்த நூலின் சில வரிகளை மட்டும் பிய்த்தெடுத்துப் பயன்படுத்தியது. அதே வரிகள் இன்று பின்னணி இசையோடு உங்கள் கைப்பேசிக்கு வருகின்றன.

சாமுராய்களுக்கும் போட்டித் தேர்வு இருந்தது, தெரியுமா? எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஷோகன் அரசு தன் ஊழியர் குடும்பங்களுக்காக 1792-ல் முதல் முறையாக ஒரு கல்வித் தேர்வு நடத்தியது. ஓட்டா நான்போ என்ற கீழ்நிலை சாமுராய் எழுதினார். ஊரெல்லாம் பெயர் தெரிந்த கவிஞர், நகைச்சுவைப் பாட்டில் மன்னர். முதல் தடவை தேறவில்லை. 1794-ல் மறுபடியும் உட்கார்ந்தார். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இந்த முறை தன் தரத்தில் இருந்தவர்களில் முதலாவதாக வந்தார். அதற்குப் பிறகுதான் நிதித்துறையில் ஒரு சின்னப் பதவி கிடைத்தது. அங்கே அவருக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று, எடோ கோட்டையின் தாக்கேபாஷி கிடங்கில் குவிந்துகிடந்த பழைய கணக்குக் காகிதங்களைப் பிரித்து ஒழுங்குபடுத்துவது. மழைக்காலம் முழுக்க இன்றைக்கும் பழைய ஏடு, நாளைக்கும் பழைய ஏடு என்று அதையும் பாட்டாக்கிவிட்டார். இடுப்பில் இரண்டு வாள், கையில் செல்லரித்த கணக்குப் புத்தகம். அமைதிக்காலத்து சாமுராய்களில் பலர் இப்படித்தான் வாழ்ந்தார்கள். கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு மூன்றாம் தடவைக்குப் படிக்கும் உங்களுக்கு, முசாஷியைவிட நான்போதான் நெருங்கிய சொந்தம் என்று நினைக்கிறேன்.

இனி சுவரில் இருக்கும் 21 விதிகள். முசாஷி அதை எழுதியது 1645-ல், சாவதற்கு ஒரு வாரம் முன்பு. அறுபதைத் தொட்ட மனிதர், நோயாளி. எழுதியதைச் சீடர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகத் தயாராக இருந்தவர். ருசியான சாப்பாடு வேண்டாம், சொத்து வேண்டாம், காதல் வேண்டாம் என்பதெல்லாம் வாழ்ந்து முடித்தவர் தன் கணக்கை நேர் செய்யும் வாக்கியங்கள். வேலையும் தேர்வும் வீடும் முன்னால் நிற்கும் 26 வயதுக்காரருக்கு அன்றாட அட்டவணையாக அவர் அதை எழுதவில்லை. அந்தப் பட்டியலுக்குத் தனிவழி என்று தலைப்பு இருப்பதால் அவரை ஒண்டிக்கட்டையாக நினைத்துவிடாதீர்கள். 1640 முதல் குமாமோட்டோவில் ஹோசோகாவா பிரபுவின் ஆதரவில் இருந்தார். சீடர்கள் இருந்தார்கள். காய்ந்த கிளையின் உச்சியில் ஒரு கீச்சான் குருவி உட்கார்ந்திருக்கும் அவருடைய மை ஓவியம் இன்றும் இருக்கிறது. வளர்ப்பு மகன் இயோரி கொக்குரா சமஸ்தானத்தில் பெரிய அதிகாரியாகி, 1654-ல் அப்பாவின் பெயரில் கல்வெட்டு எழுப்பினார். அதுவும் நிற்கிறது. அந்தப் பட்டியலின் முதல் விதியே, வழிவழியாக வந்த உலக நெறியை மீறாதே என்பதுதான். நண்பர்களை அறுத்துவிடு என்று 21-ல் எங்கும் இல்லை.

சாமுராய் வீடுகளில் கட்டுப்பாட்டை எப்படிப் பழக்கினார்கள் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஐசு சமஸ்தானத்துச் சின்னப் பையன்கள். இன்றைய ஃபுக்குஷிமா பகுதி அது. பத்து வயதில் நிஷ்ஷின்கான் என்ற சமஸ்தானப் பள்ளியில் சேர்வார்கள். அதற்கு முன்பு, ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரை, அக்கம்பக்கத்துப் பையன்கள் சுமார் பத்துப் பேர் ஒரு குழு. தினமும் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். மூத்த பையன் விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்வான். பெரியவர் சொல்லை மீறாதே. பொய் சொல்லாதே. கோழைத்தனமாக நடக்காதே. எளியவனை வதைக்காதே. மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் குனிந்து வணங்குவார்கள். பிறகு விசாரணை: நேற்றிலிருந்து யாராவது மீறினீர்களா? லேசான தப்பு என்றால் எல்லோர் முன்னாலும் வணங்கி மன்னிப்புக் கேட்டால் போதும். அதற்கு மேல் என்றால் கையில் ஓர் அடி. முடிந்ததும் எல்லோரும் விளையாடப் போய்விடுவார்கள். மிகப் பெரிய தப்பு செய்தவனுக்குத்தான் கடைசித் தண்டனை: குழுவில் யாரும் அவனோடு சேர மாட்டார்கள்.

தம்பி, ஐசு பையன்கள் கடைசித் தண்டனையாக வைத்திருந்ததை நீங்கள் ஒரு தப்பும் செய்யாமலேயே உங்களுக்கு விதித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர்கள் முதல் படியாக வைத்திருந்தது, அதாவது தப்பை வாய்விட்டுச் சொல்லி, ஒரு வணக்கத்தோடு முடித்துவிட்டு மறுநாளைத் தொடர்வது, உங்களிடம் இல்லவே இல்லை. ஒரு நாள் அலாரத்துக்கு எழாததற்கு ஒரு வாரத் தண்டனை. இந்த விகிதத்தில் எந்த மனசும் நிமிராது. இன்றைக்கே நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் உங்களை மறுபடி சேர்க்கச் சொல்லுங்கள். கூடப் படிக்கும் ஒருவரைப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம், இந்த வாரம் எதைப் படித்தேன், எதை விட்டேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள்.

அதிகாலை விஷயத்தில் உங்கள் மனசைக் குற்றம் சொல்லவே மாட்டேன். ஒரு நாளைக்கு நாலரை மணி நேரத் தூக்கம். பத்து, பன்னிரண்டு நாளில் உடம்பு அலாரத்தைத் தாண்டித் தூங்குகிறது. அது உடம்பின் வேலை, சரியாகவே செய்கிறது. தேர்வுக்குப் படிப்பவருக்கு ஏழு மணி நேரத் தூக்கம் படிப்பின் ஒரு பகுதி. படித்தது மனதில் தங்குவது தூக்கத்தில்தான். பதினொன்றரைக்குப் படுத்தால் ஆறரைக்கு எழுந்திருங்கள். ஐந்தரைக்கு எழ ஆசையென்றால் பத்தரைக்குப் படுங்கள். பச்சைத் தண்ணீரில் குளிப்பது பிடித்திருந்தால் குளியுங்கள், அதில் தீங்கில்லை, தனி மகிமையும் இல்லை.

நீங்கள் தேடும் ‘தன்னை ஆள்வது’ கெண்டோவில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கையில் ஷினாய், நாலு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய பயிற்சி வாள். பிடியில் இடது கைதான் முக்கியம், அதிலும் சுண்டு விரலும் மோதிர விரலும். வலது கை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். புதிதாக வருகிறவர்கள் ஓங்கி அடிக்க வேண்டும் என்று நினைத்த உடனே வலது கையை இறுக்கிவிடுவார்கள். தோள் காதுவரை ஏறும், வாள்முனை அலைபாயும், அடி தாமதமாக விழும். இன்னும் பலமாக அடிக்கப் பார்ப்பார்கள், இன்னும் இறுகும். ஆசிரியர் பக்கத்தில் வந்து வலது கையைத் தொட்டுத் தளர்த்திவிடுவார். மறுநாளும் வந்து தளர்த்துவார். பயிற்சி என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். போட்டியில் அடி சரியாக விழுந்து புள்ளி கிடைத்த பிறகு கையை உயர்த்திக் குதித்தால் அந்தப் புள்ளியையே ரத்து செய்துவிடலாம். அடித்த பிறகும் கவனம் எதிராளி மேல் இருக்க வேண்டும், கொண்டாட்டத்துக்கு ஓடக் கூடாது.

இதைத்தான் யாக்யூ முனேநோரி 1632-ல் எழுதிய நூலில் நோய் என்கிறார். ஷோகன்களுக்கே வாள் கற்பித்த ஆசிரியர் அவர். ஜெயிக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருப்பது நோய். கற்ற வித்தையையெல்லாம் காட்ட வேண்டும் என்று நினைப்பது நோய். இந்த நோய்களையெல்லாம் விரட்டியே தீருவேன் என்று பிடிவாதமாக நிற்கிறீர்களே, அதுவும் நோய்தான் என்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு இந்த இடம்தான் நினைவுக்கு வந்தது. கட்டுப்பாடு இல்லை என்ற பயம் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. நாலு மணி அலாரமும் பட்டினியும் அந்தப் பயத்தின் கைவேலை.

முனேநோரிக்கு நண்பராக இருந்த ஜென் துறவி தாகுவான் அவருக்கு எழுதி அனுப்பிய ஆலோசனையில் ஒரு கேள்வி வருகிறது: சண்டையில் மனதை எங்கே வைப்பது? எதிராளியின் வாளில் வைத்தால் வாள் அதைப் பிடித்துக்கொள்ளும். நம் வாளில் வைத்தால் நம் வாள் பிடித்துக்கொள்ளும். வெட்டுப்படக் கூடாது என்ற நினைப்பில் வைத்தால் அந்த நினைப்பு பிடித்துக்கொள்ளும். எங்கேயும் வைக்காதே, அப்போது அது உடம்பெங்கும் பரவி, தேவைப்படும் இடத்தில் தானாக இருக்கும் என்கிறார். முதன்மைத் தேர்வில் இரண்டாவது கேள்விக்குப் பதில் சரியாக அமையவில்லை, மனசு அங்கேயே நின்றுவிட்டது, கை மட்டும் ஐந்தாவது கேள்வியை எழுதுகிறது. இது உங்களுக்கு நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இனி மாதிரித் தேர்வு எழுதும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். முடித்த உடனே, என் மனசு எந்தக் கேள்வியில் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று விடைத்தாளின் ஓரத்தில் குறியுங்கள். நாலைந்து தேர்வில் ஒரு வழக்கம் தெரியவரும். ஒருவருக்குத் தெரியாத கேள்வியில் நிற்கும், இன்னொருவருக்கு நன்றாகத் தெரிந்த கேள்வியில் நிற்கும், விரிவாக எழுதி நேரத்தைத் தின்றுவிடுவார்.

புத்தகம் கேட்டீர்கள். முசாஷி 1643-ல் குமாமோட்டோ அருகே ரெய்காந்தோ குகையில் எழுதத் தொடங்கிய ‘கோ ரின் நோ ஷோ’ என்ற ஐந்து சுருள் நூலைப் (ஆங்கிலத்தில் The Book of Five Rings) படியுங்கள், அதுவும் முதல் சுருளை நிதானமாக. முன்னுரையில், 13 வயதிலிருந்து 28, 29 வயது வரை அறுபதுக்கு மேற்பட்ட சண்டைகளில் தோற்றதில்லை என்கிறார். வீடியோக்காரர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். அவர் தொடர்கிறார்: முப்பது வயதைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது, அதெல்லாம் தன் தேர்ச்சியால் வந்த வெற்றி இல்லை என்று புரிந்ததாம். இயல்பான திறமையாக இருக்கலாம், எதிராளிகளிடம் குறை இருந்திருக்கலாம். அதன் பிறகு காலையும் மாலையும் பயின்று, வழி பிடிபட்டது ஐம்பது வயதில் என்கிறார். ஆயிரம் நாள் பயிற்சியில் உருவாவது, பத்தாயிரம் நாள் பயிற்சியில் மெருகேறுவது என்று அதே நூலில் இன்னோர் இடத்தில் வருகிறது. உங்கள் பன்னிரண்டு நாளை அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

அந்த முதல் சுருளில் படைத்தலைவனைத் தலைமைத் தச்சனோடு ஒப்பிடும் பகுதி, உங்களுக்காகவே எழுதினாற்போல் இருக்கும். தச்சன் முதலில் மரத்தைத் தரம் பார்க்கிறான். நேராக, கணு இல்லாமல், பார்வைக்கும் நன்றாக இருப்பது முன்பக்கத் தூணுக்கு. நேராக, பலமாக, ஆனால் சின்னக் குறையோடு இருப்பது பின்பக்கத் தூணுக்கு. பலம் குறைவு, ஆனால் கணு இல்லாத அழகான மரம் என்றால் நிலைக்கும் கதவுக்கும். கோணலும் கணுவுமாக இருந்தாலும் உறுதியான மரத்தை, வீட்டில் எங்கே பலம் தேவையோ அங்கே யோசித்துச் சேர்க்கிறான். கணுவும் கோணலுமாக, பலமும் இல்லாதது சாரம் கட்ட, பிறகு விறகுக்கு. எதையும் தூக்கி எறிவதில்லை. ஆட்களையும் அப்படியே, அவரவர் கைத்திறன் பார்த்து வேலை கொடுக்கிறான்.

உங்கள் மரம் உங்கள் நேரம். ஒரு வாரத்துக்கு எதையும் மாற்றாமல், எந்த மணிநேரம் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை தலை தெளிவாக இருந்தால் அது முன்பக்கத் தூண். விடை எழுதிப் பழகுவதை அங்கே வையுங்கள். வேலை முடிந்து எட்டு மணிக்குக் களைத்து வரும் நேரம் கோணல் மரம். அதில் புதிய பாடம் ஏறாது. பழைய குறிப்பைப் புரட்டவும் நடப்பு நிகழ்வுகளைக் கேட்கவும் அது போதும். பஸ்ஸில் போகும் இருபது நிமிஷம் சாரம் கட்டும் மரம். களைத்த நேரத்தில் கடினமான பாடத்தை வைத்து, படிக்க முடியாமல் போனதற்குத் தன்னைத் திட்டிக்கொள்வது, விறகை முன்தூணாக நட்டுவிட்டு வீடு சாய்கிறதே என்று அழுவதற்குச் சமம். நாளைக்கு எந்த நேரத்தில் எது என்பதை முந்தின நாள் ராத்திரியே முடிவு செய்துவிடுங்கள். இதைச் சுனேதோமோவும் சொல்கிறார், இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைத் தாராளமாகக் கேட்கலாம்.

அதே சுருளின் கடைசியில் முசாஷி ஒன்பது விதிகள் தருகிறார். நேர்மையற்ற நினைப்பு வேண்டாம், சின்ன விஷயத்திலும் கவனம் வை, பயனற்றதைச் செய்யாதே என்று எல்லாமே நடைமுறைக்கானவை. சுவரில் ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்றால் அந்த 21-ஐக் கழற்றிவிட்டு ‘பயனற்றதைச் செய்யாதே’ என்ற ஒன்றை மட்டும் ஒட்டுங்கள். சாமுராய் வீடியோ பார்க்கும் நேரமும் அதன் கீழ் வரும்.

ராத்திரி வேளைக்குச் சாப்பிடுங்கள், அம்மாவுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் இப்போதைக்கு வேண்டாம். மூன்று வாரம் இப்படி இருந்து பார்த்தும் உங்களை உங்களுக்குப் பிடிக்காத அந்த நாட்கள் குறையவில்லை என்றால், பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருவரை நேரில் பாருங்கள். நான் எழுத்தில் செய்ய முடியாததை அவர்கள் முகம் பார்த்துச் செய்வார்கள். நாலைந்து மாதிரித் தேர்வு முடிந்ததும், மனசு எங்கே நின்றது என்ற குறிப்புகளோடு எனக்கு எழுதுங்கள். அதை வைத்து மேலே பேசலாம்.